நிற்கிற தட்டைக்கு இனிப்பு குறையாது

கிழக்கு வெளுப்பதற்குள் சர்பிநாஸ் ஆறு வரிசை வெட்டி முடித்திருந்தாள். இடது கையால் நாலு தட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும். வலது கை அரிவாளைத் தரையோடு ஒட்டி இழுக்க வேண்டும். ஒரு விரல்கடை மேலே வெட்டினாலும் இனிப்பான அடிக்கணு மண்ணிலேயே நின்றுவிடும். சோளத் தோகையின் விளிம்பு கன்னத்தைக் கீறியது. கீறின இடத்தில் சாறு பட்டு எரிந்தது. சட்டைக் கை முழங்கை வரை பிசுபிசுத்துப்போய், அதில் இரண்டு குளவிகள் உட்காரப் பார்த்தன. வரிசைகளுக்கு நடுவே மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. அது உப்பு. மார்ச் மாதக் குளிரில் முழங்கால் தண்ணீரில் நின்று மூன்று முறை கழுவியும் போகாத உப்பு.

பக்கத்து வரிசையில் பல்ஸாதா மூச்சிரைக்க வெட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வயல்காரி. சின்ன வயதிலிருந்தே கூட்டாளி.

"மெதுவாடி சர்பி. அரிவாளுக்கும் உசுரு இருக்கு."

"எட்டு மணிக்குள்ள ஏத்தணும். பத்துக்குள்ள கேட்டுல நிக்கணும். அப்பவாவது வெயிலுக்கு முன்னாடி பிழிவாங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

சர்பிநாஸ் அடுத்த நாலு தட்டையை அணைத்துப் பிடித்தாள். போன தடவையை நினைத்தால் கை தளர்ந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஆள்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டம் போட்டார்கள். பருத்தியும் கோதுமையும் பொய்த்துப்போன உப்பு நிலத்தில் இனிப்புச் சோளம் விளையும், தட்டையைப் பிழிந்து எரிசாராயம் காய்ச்சி பெட்ரோலில் கலக்கலாம் என்றார்கள். "கதிர் உங்களுக்கு, தட்டை எங்களுக்கு" என்று டைரக்டர் அசாத் கல்முரதோவிச் சொன்னபோது கூட்டமே கைதட்டியது. தட்டையை மாடு தின்னும், இல்லை அடுப்பில் எரியும். அதற்கு ஒருத்தன் காசு கொடுக்கிறான் என்றால் கசக்குமா? நாற்பத்து மூன்று குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. நிலம் கம்பெனி பெயரில், குத்தகை குடும்பத்தின் பெயரில். ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தில் இருந்ததை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை. ஆலை வாசலில் அளக்கும்போது சாறு பதினான்கு டிகிரி இனிப்பு இருக்க வேண்டும். மூன்று வண்டி குறைந்தால் குத்தகை ரத்து.

சர்பிநாஸின் முதல் வண்டி அவள் கெட்டிக்காரத்தனத்தாலேயே கெட்டது. அந்தப் பக்கத்தில் சோளம் அறுத்தால் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒன்றோடொன்று சாய்த்து, கதிர் மேலே இருக்கக் கூம்பாக நிறுத்தி மூன்று நாள் காயவிடுவார்கள். கதிர் முற்றும், மணி உதிராது. அவள் நிறுத்திய கூம்பு காற்றுக்கும் சாயாது என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமையோடு கூம்பு நிறுத்தி, காயவைத்து, கதிரைக் கொய்துவிட்டுத் தட்டையைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிழிந்தால் அரைக் குவளைச் சாறுகூட வரவில்லை. வந்ததும் புளித்திருந்தது. பத்து டிகிரி. அன்று அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் வீட்டுத் தட்டைகளும் மறுநாள் அதே மாதிரி கூம்பு கூம்பாக வந்து சேர்ந்தன.

இரண்டாவது வண்டியை விடியலில் வெட்டி அன்றே கொண்டுபோனாள். வாசலில் இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். பன்னிரண்டு டிகிரி.

இது மூன்றாவது வண்டி. வயலின் மீதி முக்கால் பங்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது. நிலம் போனால் அதுவும் போகும். அவள் புருஷன் நாலு வருஷமாக வெளிநாட்டில், அல்மாட்டி நகரத்தில் சிமெண்ட் குழைக்கிறான். நிலம் இருப்பதால்தான் அவள் இங்கே இருக்கிறாள். இல்லையென்றால் அவளும் போய் எவன் ஓட்டலிலாவது தட்டுக் கழுவ வேண்டியதுதான்.

டிராக்டர் இருமிக்கொண்டு வந்து நின்றது. பெர்தேபாய் குதித்து இறங்கினான். புருஷனுக்குத் தம்பி முறை. வாய் சும்மா இருக்காது.

"மதனி, இன்னைக்காவது பதினாலு வருமா?"

"வரலேன்னா உன் டிராக்டரை வித்து சர்க்கரை வாங்கித் தெளிக்கிறேன்."

"இத வித்தா ஒரு கரண்டி சர்க்கரை தேறாதே மதனி. கூட என்னையும் சேர்த்து வித்துருங்க."

மூவரும் சிரித்தார்கள். கொய்து வைத்த கதிர்களை ஒரு பக்கம் குவித்துவிட்டு, தட்டைக் கட்டுகளை ஏற்றினார்கள். எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது.

ஆலை வாசலில் அவளுக்கு முன்னால் முப்பத்தொரு வண்டிகள் நின்றன. ஆலையில் மூன்று பிழியும் உருளைகள். ஒன்றுதான் சுற்றியது. மற்ற இரண்டும் ஆகஸ்டு முதலே சும்மா நிற்பதாக வாசல் காவல்காரன் சொன்னான். மதியம் ஏழு வண்டி நகர்ந்தது. சாயங்காலம் இன்னும் ஆறு. வெயில் அக்டோபருக்கு மீறின வெயில். சர்பிநாஸ் வண்டிச் சுமைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே சூடேறியிருந்தது. கையை முகர்ந்தாள். லேசாகப் புளிப்பு.

"வீட்டுக்குப் போங்க மதனி. நான் வண்டிக்கடியில படுத்துக்கிறேன். டிகிரி ஓடிப்போகாமப் பாத்துக்கிறேன்" என்றான் பெர்தேபாய்.

அவள் நடந்தே வீடு திரும்பினாள். வழியெல்லாம் ஒரே கேள்விதான் மனசில் உழன்றது. தப்பு எங்கே? விதை கம்பெனி கொடுத்தது. தண்ணீர் சரியாக விட்டாள். வெட்டிய கை அவள் கை. அப்புறம் எங்கே கசிந்து போகிறது இந்த இனிப்பு?

காலையில் எழுந்ததும் நேரே வயலுக்குப் போனாள். நிற்கும் தட்டைகளில் ஒன்றை ஒடித்து மென்றாள். நாக்கின் இரண்டு ஓரத்திலும் தேன் ஊறியது. பிறகு மண்வெட்டியால் தோண்டி, இரண்டு செடிகளை வேரோடும் மண்ணோடும் எடுத்து ஒரு வாளியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, தலையில் தூக்கிக்கொண்டு ஆலைக்கு நடந்தாள்.

"என்ன மதனி, டைரக்டருக்குப் பூச்செடியா?" என்றான் பெர்தேபாய். ராத்திரிக் குளிரில் அவன் உதடு வெடித்திருந்தது. அவனுக்குப் பின்னால் பல்ஸாதாவின் வண்டியும் வந்து சேர்ந்திருந்தது. அவளுக்கும் இது மூன்றாவது.

மதியம் ஒரு மணிக்குச் சர்பிநாஸின் முறை வந்தது. அளக்கும் பெண் ஆய்ஸாதா வெள்ளைக் கோட்டு போட்ட ஊர்ப்பெண். நூகுஸ் நகரத்தில் படித்தவள். சுமையின் நடுவிலிருந்து மூன்று தட்டைகளை உருவி, கைப்பிடி உருளையில் பிழிந்து, ஒரு சொட்டுச் சாற்றை அளவுக் குழாயின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லும்மா."

"பதினொண்ணு, அக்கா."

பல்ஸாதா வாயைப் பொத்திக்கொண்டாள். சர்பிநாஸ் வாளியை அளக்கும் மேசைமேல் தூக்கி வைத்தாள்.

"இதையும் பாரு."

"அக்கா, வண்டியில வந்தத மட்டுந்தான் அளக்கணும்..."

"எழுத வேண்டாம். பாரு, போதும். என் கண்ணுக்கு நீ சொல்லு."

ஆய்ஸாதா சுற்றும்முற்றும் பார்த்தாள். அப்போதுதான் அலுவலகப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார் அசாத் கல்முரதோவிச். அவரைப் பார்த்ததும் அந்தப் பெண் நிறுத்திவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ அரிவாளை எடுத்து வாளியில் நின்ற தட்டையை அடியோடு வெட்டினாள், பிழிந்தாள், பார்த்தாள்.

"பதினேழரை" என்றாள். குரல் வரிசையின் கடைசி வரை கேட்டது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் டைரக்டர்.

"ஒரே வயல் ஐயா. ஒரே விதை. ஒரே கை வெட்டினது" என்றாள் சர்பிநாஸ். "வயல்ல பதினேழரை. உங்க வாசல்ல பதினொண்ணு. நடுவுல ஆறரை டிகிரியத் தின்னது யாரு?"

"ஒப்பந்தத்துல வாசல்ல அளக்கிறதுன்னுதானே இருக்கு?"

"இருக்கு. வாசல்ல ஒரு நாள் முழுக்க வேகவச்சு அளக்கிறதுன்னு இல்லையே."

யாரோ சிரித்தார்கள். டைரக்டர் முகம் சிவந்தது. "உள்ள வா" என்றார்.

அறையில் சுவர் முழுக்க ஒரு வண்ணப்படம். பச்சை வயல், வெள்ளை ஆலை, அம்புக்குறிகள், கடைசியில் ஒரு கார். அசாத் கல்முரதோவிச் உட்காரச் சொன்னார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கழுத்தில் கயிறு விழுந்தவன் பக்கத்தில் நிற்பவன் கழுத்தைத்தான் முதலில் பிடிப்பான்.

"பாரும்மா. மூணு உருளையும் ஓடினாத்தான் இந்தத் தொழில் கட்டுப்படியாகும்னு திட்டம் போட்டாங்க. ரெண்டு நிக்குது. உதிரி பாகம் வரல. பெட்ரோல் விலைக்குப் பக்கத்துல எங்க சாராயம் நிக்கணும்னா எங்கேயாவது குறைச்சாகணும். பேங்குல குறைக்க முடியுமா? மின்சாரத்துல முடியுமா?"

"அதனால தட்டையில குறைக்கிறீங்க."

"நான் குறைக்கல. டிகிரி குறையுது."

"நிக்கிற உருளையோட நஷ்டம் என் தலையில ஏறுது. அதத்தானே சொல்றீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"உன் வண்டிக்குப் பதினாலுன்னு எழுதச் சொல்றேன். இந்த வருஷம் உன் நிலம் உன்கிட்டயே இருக்கும். வெளிய போய் அந்த வாளிக் கதைய மட்டும் பேசாத. மூணு குறைஞ்சவங்க, இன்னைக்குக் குறையப்போறவங்கன்னு பத்துப் பேரு இருக்காங்க. அவங்க நிலத்த எடுத்துப் பெரிய பண்ணைக்குக் கொடுக்கச் சொல்லி மேலேருந்து வந்திருக்கு. நீ அந்தப் பட்டியல்ல இல்ல. அவ்வளவுதான்."

உண்மையைச் சொன்னால், சர்பிநாஸின் நாக்கு நுனியில் 'சரி' என்ற வார்த்தை வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது? மார்ச்சுத் தண்ணீரில் மரத்த கால்கள் சரி என்றன. அல்மாட்டி ஓட்டல் தட்டுகள் சரி என்றன. ஜன்னல் வழியே பார்த்தாள். பல்ஸாதா தன் வண்டிச் சுமைக்குள் கையை விட்டு, எடுத்து, முகர்ந்துகொண்டிருந்தாள். நேற்று சர்பிநாஸ் செய்த அதே காரியம்.

"என்ன ஐயா, பல்ஸாதா பேரு பட்டியல்ல இருக்கா?"

அவர் மேசைமேலிருந்த ஒரு தாளைக் கவிழ்த்து வைத்தார். அதுவே பதில்.

"அப்போ என் பேரையும் எழுதிக்குங்க" என்று எழுந்தாள்.

"புத்தி கெட்டுப் பேசாத. நாளைக்குக் காலையில உன் வயல்ல ஆள் இறங்கும். நிக்கிற தட்டை கம்பெனியோடது. நூகுஸ்லேருந்து கூலிக்கு ஆள் வரச் சொல்லியாச்சு."

வெளியே வந்ததும் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தனக்கு மட்டும் பதினான்கு போடுவதாகச் சொன்னதை, பட்டியலை, நாளைக்கு ஆள் இறங்கப்போவதை, எல்லாவற்றையும் வரிசையில் நின்றவர்கள் முன்னால் போட்டு உடைத்தாள்.

"நீ ஏன்டி வேண்டாம்னு வந்த?" என்று அழுதாள் பல்ஸாதா. "ஒருத்தியாவது தப்பிச்சிருக்கலாமே!"

"இந்த வருஷம் தப்பிப்பேன். அடுத்த வருஷம் எனக்குன்னு பேச யாரு இருப்பா?"

"அப்போ என்ன பண்றது மதனி? அரிவாளத் தூக்கிட்டு அவங்களோட சண்டைக்கா போறது?" என்றான் பெர்தேபாய். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

"அரிவாளத் தூக்குறதாலதான்டா நாம மாட்டிக்கிட்டோம்" என்றாள் சர்பிநாஸ். பேசப் பேசத்தான் அவளுக்கே தெளிந்தது. "வெட்டின நிமிஷத்துலேருந்து நஷ்டம் நம்மளோடது. நிக்கிற தட்டைக்கு இனிப்பு குறையாது. பதினேழரை நின்னுகிட்டேதான் இருக்கு. யாரும் வெட்ட வேண்டாம். அளக்கிற பொண்ணு வயலுக்கு வரட்டும், நிக்கிறத அளக்கட்டும், அத எழுதட்டும். அவங்க வண்டி வயலோரத்துல வந்து நிக்கட்டும். அதுக்கப்புறம் அரிவாள எடுப்போம்."

"உறைபனி விழுந்தா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோர் நெஞ்சிலும் இருந்த கேள்வி அது. பத்து நாளோ பன்னிரண்டு நாளோ, வடக்கேயிருந்து ஒரு ராத்திரிக் குளிர் இறங்கினால் போதும். நிற்கும் தட்டை வெந்த கீரை மாதிரி துவண்டு, அந்த வாரத்துக்குள் அழுகிவிடும்.

"விழுந்தா நமக்கும் போச்சு. சாராயம் காய்ச்சுற அவங்க கொப்பரைக்கும் போச்சு. இதுவரைக்கும் நமக்கு மட்டுந்தானே போய்ட்டிருந்தது?"

யாரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டுக்குத் தீனி இல்லாதவன் பயந்தான். பையனுக்குக் கல்யாணம் வைத்தவள் கணக்குப் போட்டாள். வரிசையில் முணுமுணுப்பு ஏறி இறங்கியது. அப்போது சர்பிநாஸ் ஒரு காரியம் செய்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கும் வீடு கட்டுவதற்கும் கூப்பிடுகிற அதே ராகத்தில் உரக்கக் கூப்பிட்டாள்:

"நாளைக்கு விடியல்ல என் வயல்ல கொமேக்! எல்லாரும் வந்துருங்க!"

ஊரே கூடி ஒருவர் வேலையை முடித்துக் கொடுப்பதுதான் கொமேக்; அப்படிக் கூப்பிட்டுவிட்டால் வராமல் இருக்க முடியாது. அவரவர் அரிவாளோடு வர வேண்டும், கூப்பிட்டவள் சாப்பாடு போட வேண்டும். வராதவன் வீட்டுச் சாவுக்கும் ஆள் வராது. அந்த ஊரில் கம்பெனி ஒப்பந்தத்தை மீறியவர்கள் உண்டு. கொமேக்கை மீறியவர் கிடையாது.

"வெட்டாத அறுவடைக்குக் கொமேக்கா!" என்றான் பெர்தேபாய். "நல்லாத்தான் இருக்கு. வேலையில்ல, சோறு மட்டும் உண்டு. இந்த மாதிரி வேலைக்கு நான் தினமும் வருவேன்."

மறுநாள் விடியும்போது மூடுபனி கால்வாய்மேல் படுத்திருந்தது. உறைபனி இல்லை. சர்பிநாஸும் பல்ஸாதாவும் மூன்று மணியிலிருந்து மாவு பிசைந்து, புதுச் சோளத்தில் ரொட்டி தட்டித் தந்தூர் அடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மண்பாதையில் ஆள்கள் வரத் தொடங்கினார்கள். இவர்கள் இருவர் வீடு போக மீதி நாற்பத்தொரு குடும்பங்களும் வந்தன. ஒவ்வொருவரும் வயல் வரப்பில் தங்கள் அரிவாளைக் குத்தி நிறுத்திவிட்டு விரித்திருந்த கம்பளத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆய்ஸாதாவும் வந்தாள். வெள்ளைக் கோட்டு இல்லை. அளவுக் குழாய் மட்டும் கையில் இருந்தது.

"வேலையிலேருந்து நிறுத்திட்டாங்கக்கா. இது என் சொந்தக் குழாய், படிக்கிறப்போ வாங்கினது" என்றாள். "வயல் வயலாப் போய் அளந்து எழுதிடலாமா?"

சர்பிநாஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். மாவுக் கை அந்தப் பெண்ணின் முதுகில் பதிந்தது.

ஏழு மணிக்கு லாரி வந்தது. பின்னாலேயே கம்பெனி மேஸ்திரியின் ஜீப். லாரியிலிருந்து பதினோரு பேர் இறங்கினார்கள். கிழிந்த பூட்ஸ், ஒட்டின கன்னம். நூகுஸ் முச்சந்தியில் விடியலில் கூலிக்கு நிற்கிறவர்கள். ராத்திரியெல்லாம் லாரியில் வந்த குளிர் அவர்கள் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. அவர்களில் மூத்தவர் வரப்பைப் பார்த்தார். வரிசையாகக் குத்தி நிற்கும் அரிவாள்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு தட்டைகூட வெட்டுப்படாத வயல்.

"கொமேக்காம்மா?"

"ஆமாங்கண்ணே."

"அப்புறம் ஏன் அரிவாளெல்லாம் சும்மா நிக்குது?"

சர்பிநாஸ் சுருக்கமாகச் சொன்னாள்.

"எங்களுக்கு நாள்கூலி பேசிக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார். "வீட்டுல அஞ்சு பேரு."

"தெரியும்ணே. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. முதல்ல வந்து சாப்பிடுங்க."

அவள் சூடான ரொட்டியைத் துணியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஆவி பறந்தது. பின்னால் நின்ற ஒருவன் எச்சில் விழுங்கினான். பெரியவர் ரொட்டியைப் பார்த்தார், கை நீட்டவில்லை.

"இதத் தின்னா உன் வயல்ல என்னால அரிவாள் வைக்க முடியாதும்மா. உப்புத் தின்ன இடம்."

"தெரிஞ்சுதான்ணே குடுக்கிறேன். வேண்டாம்னா வழிவிடுறோம். யாரும் தடுக்க மாட்டோம்."

பல்ஸாதா திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். ஜீப்பிலிருந்து மேஸ்திரி ஹாரன் அடித்தான். "ஏய், என்ன வேடிக்கை? இறங்குங்கடா வயல்ல!"

அந்த 'டா' பெரியவர் காதில் விழுந்தது. அவர் திரும்பித் தன் ஆள்களைப் பார்த்தார். எச்சில் விழுங்கியவன் மட்டும் தலையை லேசாக அசைத்தான். பெரியவர் ரொட்டியின் ஓரத்தை விண்டு வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பிறகு போய், வரப்பில் கடைசி அரிவாளுக்குப் பக்கத்தில் தன் அரிவாளைக் குத்தினார். பின்னாலேயே பத்துப் பேரும் போனார்கள்.

மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு யாரிடமோ கத்தத் தொடங்கினான். தூரத்தில் ஆலைப் புகைபோக்கியின் புகை நேற்றைவிட மெலிந்திருந்தது. இன்னும் நின்றுவிடவில்லை. வடக்கே வானம் தெளிவாக இருந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாருக்கும் தெரியாது. சர்பிநாஸ் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தேநீர்க் கெண்டியைத் தூக்கினாள்.

"பல்ஸாதா, இன்னும் மாவு பிசையணும்டி. நம்ம ஆளுங்க பதினோரு பேரு கூடியிருக்காங்க."